அக்காவின் வெள்ளணுக்கள்

என் தொழிலைச் சொன்னால் பாதிப் பேர் கைகொடுக்கத் தயங்குவார்கள். ஸ்ரீரங்கத்தில் பந்தலும் நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவன் நான். அதே ஷெட்டில், நாற்காலி அடுக்குகளுக்குப் பின்னால் படுதா போட்டு மூடி, இரண்டு ஃப்ரீசர் பெட்டிகளும் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து மகன் வந்து இறங்கும்வரை அப்பாவைக் கெடாமல் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிகள். கல்யாணத்துக்குப் பேச வருகிறவர்கள் அந்தப் படுதாப் பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டார்கள். துக்கத்துக்கு வருகிறவர்கள் போகிற போக்கில் நாற்காலி எவ்வளவு புதுசு என்று பார்த்து வைத்துக்கொள்வார்கள். அடுத்த தையில் ஒரு கல்யாணம் இருக்கிறதல்லவா!

ஆகவே எனக்கு நோய் வந்தபோது ஊர் சொல்லக்கூடிய வேடிக்கையெல்லாம் தயாராகவே இருந்தது. அவர்கள் சொல்லிச் சங்கடப்பட வேண்டாமே என்று நானே முந்திக்கொண்டேன். "பெட்டி இருக்கு, ஆளு இருக்கு, கரண்டு மட்டும் குடுத்தா போதும்" என்றேன். என் மனைவி கோமதி அன்று ராத்திரி எனக்குத் தட்டு வைக்கவில்லை.

இதை எழுதக் காரணம் உண்டு. வீட்டில் ஒருவருக்கு ரத்தம் வேண்டும் என்றால் நம் ஆட்கள் முதலில் என்ன செய்வார்களோ அதைத்தான் நாங்களும் செய்தோம். அப்படிச் செய்யாதீர்கள் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வந்தது நீலம். நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போது தொடையில் லேசாக இடித்தால்கூடக் கத்திரிக்காய் நிறத்தில் தடம் விழுந்தது. பிறகு ஈறு. பல் தேய்த்து முடித்தால் வாஷ்பேசின், வெற்றிலை போட்டவன் துப்பியதுபோல் ஆகிவிடும். பிறகு மூச்சு. குரங்குபோல் சவுக்குக் கழியில் ஏறிக் கட்டுப்போடுகிறவன், இரண்டு முழம் ஏறியதும் கழியைக் கட்டிக்கொண்டு நின்றேன். கீழே இருந்த பையன்கள் நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்தார்கள்.

"கண்ணாடியில மூஞ்சியப் பாருங்க. சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி இருக்கு" என்றாள் கோமதி.

"நீதானே கலரான மாப்பிள்ள வேணும்னு கேட்ட?"

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரலைன்னா எங்க அண்ணிக்கு போன் போடுவேன்."

அண்ணி என்றால் என் அக்கா. செல்வி. என்னைவிட நாலு வயது மூத்தவள், கூடப்பிறந்தவள் அவள் ஒருத்திதான். உப்பிலியபுரத்தில் வாழ்க்கைப்பட்டு மரவள்ளியும் வெங்காயமும் போடுகிற குடும்பத்தை அதட்டி நடத்துகிறவள். அவளுக்கு போன் போவதைவிட ஊசி மேல் என்று மறுநாள் கிளம்பினேன்.

முதலில் போனது ஒரு சின்ன நர்சிங் ஹோம். ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"நீங்க எப்படி இங்க நடந்து வந்தீங்க?"

"நடக்கல சார், ஸ்கூட்டர்ல வந்தேன்."

அவர் சிரிக்கவில்லை. என் உடம்பில் ரத்தம் பாதிக்கும் கீழே போயிருந்தது. உடனே ஏற்ற வேண்டும், ஆள் பார்த்துக் கூட்டிவாருங்கள் என்றார்.

அக்காவுக்கு போன் போய்விட்டது. துறையூரில் பஸ் மாறி வந்தவள் தோள்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. கோமதியின் தம்பி மணி, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் கணக்குப் பார்க்கிறவன், அதற்குள் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தயாராக நின்றான்.

"நீங்க உக்காருங்க தம்பி. மொதல்ல நான்" என்றாள் அக்கா.

"உங்களுக்கு எதுக்குக்கா? நான் வழக்கமா குடுக்கறவன். சேதாரம் இல்லாம முடிஞ்சிரும்."

"குடுங்க, யாரு வேண்டாம்னா? எனக்கு அப்புறம் குடுங்க. தாய்மாமன் மாலைக்கு முன்னாடி யாராச்சும் மாலை போடுவாங்களா?"

"இது என்னக்கா மாலையா?"

"எனக்கு அப்படித்தான். நான் வாக்கப்பட்டுப் போன நாள்லேருந்து ஒரு பொங்கல் தவறாம எனக்கு சீர் வச்சிருக்கான் இவன். நான் என்னைக்காச்சும் திருப்பி வச்சிருக்கனா? பொறந்த வீட்டுக்கு நான் செய்யற சீர் இது. மொத உரிமை எனக்குத்தான்."

மணி சட்டைக் கையை இறக்கிவிட்டான். முதல் உரிமை என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சில்லை. கல்யாணப் பந்தலில் நான் பார்க்காததா? முதல் உரிமை தப்பிப்போனதற்காகத் தாலி கட்டும் நேரத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிய குடும்பங்கள் உண்டு.

என்னிடம் வந்து, "நம்ம ரத்தம்டா. எவனோ ஊரான் ரத்தம் உனக்கு எதுக்கு?" என்றாள்.

"குடிகாரன் ரத்தமா கெடச்சா நல்லதுக்கா. சரக்குச் செலவு மிச்சம்."

தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். தட்டிய பிறகுதான் நான் தொட்டாலே கன்றிப்போகிறவன் என்று நினைவு வந்து, சூடுபட்டதுபோல் கையை உதறிக்கொண்டாள்.

அக்காவுக்கும் எனக்கும் ஒரே ரத்த வகை. பரிசோதனையெல்லாம் முடிந்து மறுநாள் பை வந்தது. வேறு பையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்ற சந்தேகத்தில், ஒட்டியிருந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிவைத்திருந்து ஒப்பிட்டுப் பார்த்தாள். மத்தியானம் அதை எனக்கு ஏற்றினார்கள். அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, தன் ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்குவதை, உலையில் அரிசி வேகுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதிப் பை இறங்கியிருக்கும். முதுகுத்தண்டில் ஒரு குளிர். மார்கழி அதிகாலையில் கொள்ளிடத்தில் முங்கினாலும் வராத குளிர். அடுத்து நடுக்கம். பல் அடித்துக்கொண்டது, கட்டிலின் இரும்பு டிரிப் ஸ்டாண்டில் மோதி மணியடித்தது. அக்கா எழுந்து என் இரண்டு பாதங்களையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடித்திருக்கும்போதே அவளையும் சேர்த்து உலுக்கியது. நர்ஸ் ஓடிவந்து குழாயை அடைத்து, ஊசி போட்டு, மீதிப் பையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். காய்ச்சல் ஏறியது. "உன் ரத்தத்துல மோட்டார் ஏதாச்சும் ஓடுதாக்கா" என்று கேட்க நினைத்தேன். பல் அடிப்பது நின்றால்தானே பேச்சு வரும்?

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையிருந்த அம்மாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "கூடப்பொறந்த ரத்தத்தையே ஏத்துக்கலையா உடம்பு?" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் அக்கா அப்போது தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அங்கிருந்து திருச்சியிலேயே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு அனுப்பினார்கள். ரத்த நோய்களுக்கென்றே ஒரு டாக்டரம்மா. இடுப்பெலும்பின் பின்பக்கத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, ஓர் ஊசியால் துளைத்து, எலும்புக்குள்ளிருந்து துளி எடுத்துப் பார்த்தார்கள். ஆசாரி துரப்பணம் போடுவதுபோல் இருந்தது. "தாழ்ப்பாள் வைக்கறீங்களா, கொக்கியா?" என்று கேட்டேன்.

முடிவு வந்த நாளில் நான், கோமதி, அக்கா மூவரும் உள்ளே போனோம். எலும்புக்குள் மஜ்ஜை என்று ஒன்று இருக்கிறது, அதுதான் ரத்தத்தின் சமையற்கட்டு, அங்கேதான் சிவப்பணு, வெள்ளணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு மூன்றும் தயாராகின்றன, என் சமையற்கட்டில் அடுப்பு அணைந்துவிட்டது என்று டாக்டரம்மா விளக்கினார். புற்றுநோய் இல்லை, ஆனால் அதற்குக் குறைந்ததும் இல்லை. கூடப்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் அதை எடுத்து வைப்பதுதான் நல்ல வழி. பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு.

"இவருக்கு முன்னாடி எப்பவாச்சும் ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"சமயபுரத்துல ஒரு கல்யாணப் பந்தல்லேருந்து விழுந்தேன் டாக்டர். தொடை எலும்பு போச்சு, ரத்தம் ஏத்தினாங்க. சரியா தாலி கட்டற நேரம். கெட்டிமேளம் மாப்பிள்ளைக்கா எனக்கான்னு இன்னைக்கும் தெரியல."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்கு உயிர் வந்தது.

"சரி. இப்போ நர்சிங் ஹோம்ல ஏத்தினது யாரோட ரத்தம்?"

அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான்தாங்க குடுத்தேன். மொதப் பை என்னோடது. கூடப்பொறந்தவ நான் ஒருத்திதாங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உக்காருங்கம்மா" என்றார். அக்கா உட்கார்ந்துதான் இருந்தாள்.

"உங்கமேல தப்பே இல்லம்மா. அன்பு இருக்கற எந்த வீட்லயும் இதத்தான் செய்வாங்க" என்று ஆரம்பித்துத்தான் சொன்னார். அப்படி ஆரம்பித்தாலே அடுத்து வருவது இடி.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ரத்தப் பை என்பது மாப்பிள்ளை வீட்டு வேன். அதில் சிவப்பணுக்கள் சாது ஜனம். வந்தோம், வேலையைப் பார்த்தோம் என்று இருப்பார்கள். நமக்கு வேண்டியதும் அவர்கள்தான். ஆனால் அதே வேனில் வெள்ளணுக்களும் ஏறி வந்துவிடும். அவர்கள் மீசை முறுக்கிய சித்தப்பாமார்கள். தன் ஆள் யார், வெளி ஆள் யார் என்று பார்ப்பதே அவர்களுக்குத் தொழில். அவர்களைக் கண்டதும் நம் உடம்பில் இருக்கும் சித்தப்பாமார்கள் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள். பைக்குள் இருக்கும்போதே அவர்கள் கக்கி வைக்கும் ரசாயனமும் கூடச் சேரும். எனக்கு வந்த குளிரும் காய்ச்சலும் அந்தக் கைகலப்புதான். பந்தலிலிருந்து விழுந்தபோது ஏற்றிய ரத்தத்தால் என் உடம்பு ஏற்கெனவே அந்நிய வெள்ளணுக்களோடு ஒரு தடவை மோதிப் பழகியிருந்தது, அதனால் இந்தத் தடவை வேகம் அதிகம். சொந்தக்காரர் ரத்தத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டாம், அபூர்வமானது. அவர்கள் வெள்ளணு நம் ஜாடையிலேயே இருப்பதால் உடம்பு அதை விரட்டாமல் உள்ளே குடியேறவிட்டுவிடும். அப்புறம் அது வீட்டுக்காரனையே அடிக்கும்.

"காய்ச்சல் வந்தா போயிடும். அதுக்குப் பயப்படல. ஆனா உடம்பு அந்த முகத்த ஞாபகம் வச்சுக்கும்" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கு இவங்களோட மஜ்ஜைய வைக்கும்போது, 'இது அன்னைக்கு வந்ததுதானே'ன்னு தள்ளிவிட்டுட்டா?"

"தள்ளுமாங்க?" என்றாள் கோமதி.

"தள்ளலாம், தள்ளாமலும் இருக்கலாம். அணு மேல இருக்கற பெரிய அடையாளமெல்லாம் சோதிச்சுப் பார்த்துடுவோம். ஆனா சின்னச் சின்ன அடையாளம் நிறைய இருக்கு. அத முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இல்ல. வச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

வெளியே வந்து லிஃப்ட் முன்னால் நிற்கும்போது, "நான் பஸ்லேருந்து எறங்காம இருந்திருக்கலாம்" என்றாள் அக்கா.

சோதனையில் அக்கா முழுக்கப் பொருந்தினாள். கோமதி சமயபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். அக்காவுக்கு அது நல்ல செய்தியாகப் படவில்லை. எனக்குப் பொருந்துகிற ஒரே ஆள், என் உடம்பு மோதி ஞாபகம் வைத்திருக்கும் முகம், இரண்டும் அவளே. அன்றிலிருந்து அவள் என் அறைக்குள் வருவதை நிறுத்தினாள். வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். கதவு திறந்து மூடும் இடைவெளியில் அவள் முழங்கை தெரியும். டம்ளரைக்கூடக் கோமதியிடம் கொடுத்துத்தான் அனுப்பினாள்.

அதற்குப் பிறகு எனக்கு ஏற்றிய ஒவ்வொரு பையும் வடிகட்டி வழியாகத்தான் இறங்கியது. உள்ளங்கை அகலத்தில் வட்டமான பிளாஸ்டிக் வில்லை. உள்ளே நெருக்கமான நார்த்திரை. பையும் குழாயும் சேருகிற இடத்தில் அதை மாட்டுவார்கள். சிவப்பணு நெளிந்து வளைந்து கடந்துவிடும், வெள்ளணு நாரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். முழுக்க நிற்காது என்றார்கள். ஆனால் கோடிக்கணக்கில் வருவது சொற்பமாகிவிடும். அந்தச் சொற்பமும் என்னைப் போன்றவனுக்கு ஆகாது என்று பையைக் கதிர்வீச்சும் காட்டிக் கொண்டுவருவார்கள், மிச்சமிருக்கும் வெள்ளணு பெருகாமல் இருக்க. மொத்தத்தில் பந்தல் வாசலில் நின்று, குடித்துவிட்டு வந்த சித்தப்பாவை மட்டும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போகிற ஆள்தான் அந்த வில்லை. அவன் கூலி தனியாகப் பில்லில் ஏறும். நான் கொடுத்த கூலிகளில் மனசாரக் கொடுத்தது அதுதான்.

வடிகட்டி வந்த பிறகு குளிர் வரவில்லை. ஆனால் வேறொன்று வந்தது.

சொந்தக்காரர் ரத்தம் கூடவே கூடாது என்றாகிவிட்டதால், மணி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களை அழைத்து வந்தான். பிறந்ததிலிருந்து 'நீங்க நமக்கு என்ன வேணும்?' என்று விசாரித்தே பழகிய குடும்பம், இப்போது யாரும் எதுவும் வேண்டாதவராக இருக்க வேண்டும் என்று விசாரித்தது.

"அண்ணே, நீங்க எங்களுக்கு எந்த வகையிலயும் சொந்தமில்லையே?"

"இல்லப்பா. ஆனா எங்க பெரியம்மா மக ஒருத்தி உப்பிலியபுரத்துலதான் வாக்கப்பட்டு..."

"நீங்க வேண்டாம்ணே. காபி சாப்ட்டுப் போங்க."

அவர்கள் யார் எவர் என்று எனக்குத் தெரியாது. எந்தப் பை யாருடையது என்று ஆஸ்பத்திரியிலும் சொல்ல மாட்டார்கள். மத்தியானங்களில் கண் அயர்ந்தால் தோளில் கனம் தெரியும். சாக்கின் முரட்டுத்தனம் கழுத்தில் உறுத்தும். ஒருநாள் எழுந்ததும் பீடி வேண்டும்போல் இருந்தது. நான் புகை பிடித்ததே இல்லை. இதைக் கோமதியிடம் சொன்னேன். "ஆரம்பிச்சுட்டீங்களா" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடித்த பிறகும் தோள் கனத்தது. யார் யாரோ எனக்குள் நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். என் ஆள் மட்டும் யாரும் இல்லை.

பார்க்க வந்தவர்களில் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் என்னைப்போலவே பந்தல் தொழில் செய்கிறவர். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை பார்த்தார். அது என்ன பார்வை என்று எங்கள் தொழிலில் இருக்கிறவனுக்குத் தெரியும்.

"கவலப்படாதீங்கண்ணே. ஆர்டரெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"எந்த ஆர்டரு? என்னோடதயுமா?"

அவர் சாத்துக்குடியை மறந்துபோய்க் கையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மஜ்ஜை எடுக்கும் நாள் நெருங்கும்போது அக்காவைப் பரிசோதித்த டாக்டரம்மா வராந்தாவுக்கே வந்து கத்தினார். கதவு வழியே எனக்குக் கேட்டது.

"என்னம்மா இது, உங்க ரத்தமே கொறஞ்சிருக்கு? சாப்பிடறீங்களா இல்லையா?"

"பச்ச வெரதங்க. இளநியும் பானகமும் குடிக்கறேன். ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன்."

"எதுக்கு?"

"நான் பண்ணினதுக்குங்க."

பிறகு டாக்டரம்மா குரலைத் தாழ்த்தினார். "நீங்க பட்டினி கெடந்தா உங்க தம்பிக்குத்தான் பட்டினி. ஆத்தாகிட்ட நான் பேசிக்கறேன். இன்னையிலேருந்து கீரை, முட்டை, இந்த மாத்திரை. முருங்கைக்கீரை கெடைக்குமில்ல உங்க ஊர்ல?"

"மரமே நிக்குதுங்க."

விரதம் முறிந்தது. முறித்தவர் மேல்தான் பாவம் என்று அக்கா சொன்னதாகக் கேள்வி.

பிறகு என்னைத் தனி அறையில் வைத்தார்கள். என் சொந்த மஜ்ஜையில் மிச்சமிருந்ததையும், அக்காவின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கக்கூடிய என் வெள்ளணுக்களையும் துடைத்தெறிய மருந்து. அதில் ஒன்று முயலிலிருந்து எடுத்ததாம். முன்பு அக்கா ரத்தம் ஏறியிருப்பதால் சற்றுக் கடுமையாகவே கொடுத்தார்கள். வாயெல்லாம் புண், தலைமுடி தலையணையோடு போயிற்று. அக்காவுக்கு மயக்கம் கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்தார்கள். அது எனக்கு ஏறியபோது பார்க்க இன்னொரு ரத்தப் பை மாதிரிதான் இருந்தது. கோமதி மாஸ்க்குக்கு மேலே கண்ணை விரித்து என் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரும்பு சத்தம் போடுகிறதா என்று. போடவில்லை.

அதன்பின் காத்திருப்பு. முகூர்த்தம் முடிந்து எல்லோரும் போனபிறகு, மத்தியானத்தில் கல்யாண மண்டபம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நாற்காலியை எண்ண நான்தானே போவேன்? வாழைமரம் துவண்டு நிற்கும். இலை வாசம் புளிக்கத் தொடங்கியிருக்கும். யாருடைய மண்டபமும் இல்லை அது அப்போது. என் உடம்பு அப்படி இருந்தது. பழைய குடி காலி செய்தாயிற்று, புதுக் குடி வந்து சேரவில்லை. ஏசியின் ரீங்காரம் வேறு, அச்சாக என் ஃப்ரீசர் பெட்டி போடுகிற சத்தம். எத்தனை வீட்டுக் கூடத்தில் அந்தச் சத்தத்தை நானே பிளக்கைச் சொருகி ஆரம்பித்து வைத்திருக்கிறேன்! "கோமதி, இத நிறுத்தச் சொல்லு" என்றேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. நர்ஸிடம் சொன்னாள், நிறுத்தக் கூடாது என்றார்கள். உடனே தன் போனில் ஏதோ பழைய பட்டிமன்றத்தைச் சத்தமாக வைத்தாள். தெரிந்தோ தெரியாமலோ அது மாமியாரா மருமகளா என்ற தலைப்பு. அந்த ரீங்காரத்தை மறைக்க அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டாள். மாமியாரே எத்தனையோ தடவை ஜெயித்தார்.

தினமும் அணு எண்ணிக்கை பார்ப்பார்கள். தினமும் ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தது. கிருமியாலா, உடம்பு அக்காவைத் தள்ளுகிறதா என்று உடனே சொல்ல முடியவில்லை. டாக்டரம்மா என் வேடிக்கைக்குச் சிரிப்பதை நிறுத்தியிருந்தார். நானும் சொல்வதை நிறுத்தியிருந்தேன். கோமதி அதற்குத்தான் அதிகம் பயந்தாள்.

பிறகு ஒரு காலையில் டாக்டரம்மா வாசலிலேயே நின்று, "வர ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

"யாரோடது?" என்றேன்.

"அது இன்னும் தெரியாது. உங்க பழையது துளிர்த்தாலும் துளிர்க்கும். டெஸ்ட் அனுப்பியிருக்கேன்."

தம்பிக்கு அக்கா கொடுத்தால் சோதிப்பது சுலபமாம். ரத்தத்தில் ஆண் அணு எத்தனை, பெண் அணு எத்தனை என்று பார்ப்பார்கள். முடிவு வந்தது. ஏறக்குறைய எல்லாமே பெண். மீசை உதிர்ந்து கிடந்த என்னைப் பார்த்து டாக்டரம்மா, "வாழ்த்துக்கள்" என்றார். கோமதி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். "பாத்தியா, ரெண்டு நாத்தனார் ஆயிடுச்சு உனக்கு" என்றேன். நெடுநாளைக்குப் பிறகு வந்த முதல் வேடிக்கை என்பதால் அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

அக்கா நம்பவில்லை. "காயிதத்துல ஆயிரம் வரும்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அவள் மாறவில்லை. முருங்கைக்கீரையும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு வருவாள், வாசற்படியில் நின்று பார்ப்பாள். நான் தும்மினால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுவாள். எதையும் கேட்டு வாங்காமல், யாரையும் அதட்டாமல் அப்படி ஒரு செல்வியை நான் பார்த்ததே இல்லை. நடுங்கிய நாளில் என் பாதத்தைப் பிடித்தவள், அதற்குப் பிறகு என்னைத் தொடவே இல்லை.

மாதங்கள் போயின. வடிகட்டியும் பையும் தேவைப்படாமல் போயிற்று. மருந்து குறைந்தது. நன்றாக வேகவைத்ததாக இருந்தால் ஆசைப்பட்டதைச் சாப்பிடலாம் என்றார் டாக்டரம்மா. சின்ன வயதிலிருந்து எனக்கு ஆசை இறால்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா வந்திருந்த நேரம், கோமதி இறால் தொக்கு செய்தாள். அக்கா வழக்கம்போல் வாசலோரம் தனியாக ரசம் சோறு சாப்பிட்டாள்.

கை கழுவி வந்து உட்கார்ந்தேன். முழங்கையின் உள்மடிப்பில் அரித்தது. சொறிந்தேன். காதுக்குப் பின்னால் அரித்தது. சட்டையைக் கழற்றினால், விலாவெல்லாம் காசு காசாகச் சிவப்புத் தடிப்பு.

கோமதியின் முகம் வெளுத்தது. மாற்று மஜ்ஜை வைத்தவன் தோலில் சிவப்பு வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். வந்து குடியேறிய அணுக்கள் வீட்டுக்காரனையே அடிப்பதன் முதல் அடையாளம் அதுவாக இருக்கலாம். அவள் போனைத் தேடி ஓடினாள்.

அக்கா படியிலேயே நின்றாள். "என்னோடதுதான். என்னோடதுதான் இவனக் கடிக்குது" என்றாள்.

"அக்கா, அரிக்குதுக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

"எங்க?"

"கைமடிப்புல. காதுக்குப் பின்னாடி. இங்க விலாவுல."

அவள் படியைத் தாண்டி உள்ளே வந்தாள். நெருங்கி வந்தாள். என் கையைப் பிடித்துத் திருப்பி, மடிப்பைப் பார்த்தாள். காதை மடக்கிப் பின்னால் பார்த்தாள். ஒரு தடிப்பைக் கட்டைவிரலால் அழுத்தினாள். வெளுத்து, மறுபடி சிவந்தது.

"உதடு மரமரங்குதா?"

"லேசா."

"என்னத்தடா தின்ன?"

"இறாலு. நீதான் பாத்துக்கிட்டிருந்தியே."

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உப்பிலியபுரத்தில் வாழ்க்கைப்பட்ட புதிதில், மச்சானின் சிநேகிதர் கடலோரத்திலிருந்து கொண்டுவந்த இறாலைச் சாப்பிட்டு இதே இடங்களில் இதே தடிப்பு வந்ததாம். மறுபடி ஒருதரம் தெரியாமல் தின்றபோதும் வந்ததாம். அதற்குப் பிறகு தொட்டதில்லை. பிறந்த வீட்டில் நான் ஆசைப்படுகிற பண்டம் என்பதால் எங்களிடம் சொன்னதும் இல்லை. எனக்கோ இறால் ஒருநாளும் ஒன்றும் செய்ததில்லை; இப்போது எனக்குள் காவல் நிற்பது அவள் வெள்ளணுக்கள்.

கோமதிக்கு டாக்டரம்மா கிடைத்துவிட்டார். "தடிப்பு டாக்டர், ஒடம்பு பூரா" என்று அவள் அழ ஆரம்பிக்கும்போதே அக்கா எழுந்து போனைப் பிடுங்கினாள். ஒரு கை என் முழங்கையைப் பிடித்தபடியே இருந்தது. வெகுநாளாகக் காணாமல் போயிருந்த உப்பிலியபுரத்து அதட்டல், ஸ்ரீரங்கத்துத் தெருவுக்கே கேட்கும்படி வந்தது.

"டாக்டரம்மா, நான் செல்வி பேசறேன். இறாலு தின்னுட்டானுங்க. சேரல. அவனுக்கு இல்லீங்க, எனக்கு. எனக்குத்தாங்க சேராது!"